தேசப்பன் கூட்டிப்போன சாப்பாட்டுக் கடைகள்

அன்று காலை முதல் போன் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டல் ஒன்றிலிருந்து வந்தது. கிரைண்டர் கல் சுற்றவில்லை, மாவு பாதியில் நிற்கிறது, எட்டு மணிக்கு வருகிறேன் என்ற உங்கள் ஆளை ஒன்பதரை ஆகியும் காணோம் என்று மேனேஜர் தெலுங்கில் காய்ச்சி எடுத்தார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. தேசப்பனின் நம்பரைப் போட்டேன். எடுத்ததும் எடுக்காததுமாக, "இன்னாப்பா, இன்னும் தூக்கம் தெளியலையா உனக்கு? இங்க எவ திட்டு வாங்கறது?" என்று ஆரம்பித்தேன். பதிலுக்கு அவன் மனைவி கஸ்தூரியின் குரல் கேட்டது. "அக்கா, அவரு காலைல எய்ந்திருக்கவே இல்லக்கா. டாக்டர் வந்து பாத்துட்டுப் போய்ட்டாரு."

செத்துக் கிடந்தவனைப் பார்த்து நான் கேட்ட கேள்வி அது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் தேசப்பன் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பான். என்னால் இன்னும் சிரிக்க முடியவில்லை.

அவர் என்று எழுதத்தான் பார்த்தேன், வரவில்லை. என்னைவிட ஆறு வயது சின்னவன். நான் சோளிங்கரிலிருந்து பிழைக்க வந்தவள். ஓட்டல்களின் கிரைண்டர், கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கும் எங்கள் திருப்பதிக் கம்பெனியில் போன் எடுப்பதும், எந்த மெக்கானிக்கை எந்த ஓட்டலுக்கு அனுப்புவது என்று முடிவு செய்வதும் என் வேலை. அவன் நகரிக்காரன். தினமும் ரயிலில் வந்து போனான். திருப்பதியிலும் சித்தூரிலும் அவன் கை படாத கிரைண்டர் கொஞ்சம்தான் இருக்கும். அவனைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்; உங்களில் பாதிப் பேர் அந்தச் சமையற்கட்டுகளில்தான் அவனைப் பார்த்திருப்பீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லேடீஸ் ஹாஸ்டலில் கட்டிக்கொடுப்பதைத்தான் மதியம் சாப்பிடுவேன். ஒருநாள் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க வந்தவன் என் டப்பாவை எட்டிப் பார்த்தான். "யக்கா, இத்தையா துன்ற? பாவம் பண்ணியா நீ?" என்றான். ஊர் முழுக்க ஓட்டல் இருக்கிறதே, போய்ச் சாப்பிடுவதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பொம்பளை தனியாகப் போய் உட்கார்ந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்காத கடை வேண்டுமே! அதோடு இந்த ஊருக்கு வருகிறவர்கள் சாமி கும்பிட வருகிறவர்கள். ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு மலையேறிவிடுவார்கள். மறுபடி வராதவனுக்கு யார் பார்த்துப் பார்த்துச் சமைப்பார்கள்? "போர்டைப் பாக்காதக்கா. ரெண்டாந்தரம் வந்து குந்துறான் பாரு, அவனைப் பாரு" என்பான் தேசப்பன்.

அவன் கடை கண்டுபிடிக்கிற விதமே தனி. சித்தூரில் ஒரு பெரிய ஓட்டலுக்குக் கான்ட்ராக்ட் பேப்பரில் கையெழுத்து வாங்க நானும் போயிருந்தேன். முன்பக்கம் கண்ணாடி, ஏசி எல்லாம் அமர்க்களமாக இருந்தது. எனக்கு அங்கேயே சாப்பிட ஆசை. இவனோ வழக்கம்போலப் பின்வாசல் வழியாக உள்ளே போய், பெல்ட் மாற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே மாஸ்டரைக் கேட்டான். "அண்ணா, நீங்க எங்க துன்றீங்க?" மாஸ்டர் முதலாளி நிற்கிறாரா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தகரம் போட்ட ஒரு கடையைக் கண்ணால் காட்டினார். அங்கே பூண்டும் மிளகாயும் அரைத்த எர்ர காரம் தடவி ஒரு கல் தோசை கொடுத்தார்கள். அடடா! காரத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, ஆனாலும் இன்னொன்று கேட்டேன். சமைக்கிறவன் தன் பசிக்கு எங்கே போகிறானோ அதுதான் கடை என்பது அவன் கட்சி. பின்வாசல் வழியாகப் போகிறவனுக்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கவும் முடியும்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. கடை எங்கே என்று வாயால் சொல்லவே மாட்டான். எத்தனை தடவை கேட்டாலும், "பசிக்குதா? அப்ப வா, போலாம்" என்பானே தவிர வழி சொல்ல மாட்டான். ஒரு நேரத்துக்கு ஒரே ஆளைத்தான் கூட்டிப்போவான். "இதென்ன பெரிய ராணுவ ரகசியமா?" என்று நான் கிண்டல் செய்வேன். "ரகசியம் இல்லக்கா. நாப்பது பேருக்கு ஆக்குற கையி அது. அந்தக் கைக்கு யாரு வர்றாங்கன்னு தெரியணும்" என்பான். காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை.

என்னை அவன் கூட்டிப்போன கடைகளில் எனக்கு உயிர் சுப்பம்மாவின் கடை. ஒரு சந்துக்குள், எந்தச் சந்து என்று கேட்காதீர்கள். வீட்டு முன்னறையில் இரண்டு பெஞ்சு. கேழ்வரகுக் களி, அங்கே சங்கட்டி என்பார்கள். தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி, கீரைப் பருப்பு. சுமை தூக்குகிறவர்களும் ஆட்டோக்காரர்களும் பன்னிரண்டரைக்கு வந்து சாப்பிட்டுவிட்டு அவரவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார்கள். நான் தனியாகப் போய் உட்கார்ந்தால் சுப்பம்மா என் பக்கத்தில் ஒரு ஆளை உட்கார விடமாட்டாள். திருப்பதியில் எனக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று முதன்முதலாகத் தோன்றியது அந்த பெஞ்சில்தான்.

அந்தக் கடைக்குத்தான் நான் குண்டு வைத்தேன். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஒருநாள் களி அப்படி அமைந்திருந்தது. சந்தோஷத்தில் போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து, நாலு வரி எழுதி நெட்டில் போட்டுவிட்டேன். ஊரில் ஒருத்திக்கு நல்லது செய்தோம் என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன் வேறு. பத்து நாளில் கேமராவும் கையுமாக ஒருவன் வந்தான். அதன் பிறகு வேன் வேனாக வந்தார்கள். சுமை தூக்குகிறவர்கள் வரும்போது பானை காலியாக இருந்தது. சுப்பம்மாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. "ஆகலனி வச்சினோள்ளனி பொம்மனி எட்ல செப்பேதி?" என்று என்னையே கேட்டாள். பசி என்று வந்தவர்களை எப்படிப் போகச் சொல்வது? இரண்டு மடங்கு பெரிய பானை ஏற்றினாள். ஒருநாள் அதைத் தனியாக இறக்கும்போது களி சரிந்து, முழங்கையிலிருந்து விரல் வரை வெந்துபோனது. கடை மூடிவிட்டது.

தேசப்பன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தித் தீர்த்திருப்பேன். அவன் என்னை 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தான். "சரி மேடம்." "முடிஞ்சிட்சி மேடம்." இரண்டு மாதம் இதே கதை. என் டப்பாவை அவன் எட்டிப் பார்ப்பதில்லை. போட்டதையெல்லாம் நெட்டிலிருந்து எடுத்துவிட்டேன், ஆனால் அது எங்கெங்கோ பரவி என் கையை விட்டுப் போயிருந்தது. அவன் மறுபடி என்னை அக்கா என்று கூப்பிடுவானா என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு கவலையே இல்லை. இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு உறவுதான்.

கை ஆறி சுப்பம்மா கடையைத் திறந்ததும் நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் வாசலில் நின்றுகொண்டேன். அவளுக்கு இல்லை என்று சொல்ல வராதே தவிர, எனக்கு நன்றாக வரும். நாளெல்லாம் போனில் அதைத்தானே சொல்கிறேன்! தெரிந்த முகம் என்றால் உள்ளே விடுவேன். புது ஆள் என்றால் "அயிபோயிந்தி, முடிந்துவிட்டது" என்று கைகூப்பி அனுப்பிவிடுவேன். கேமராக்காரனிடம் மட்டும் கை கூப்பவில்லை. என்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. ஒரு மாதம் போல இப்படி நின்றேன். ஒருநாள் தேசப்பன் வந்தான். சந்து முனையில் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான். மூஞ்சியை விறைப்பாக வைத்துக்கொண்டு, "அயிபோயிந்தி" என்றேன்.

"எனக்குமாக்கா?" என்றான்.

அவன் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த சுப்பம்மா கரண்டியோடு ஓடிவந்துவிட்டாள். நான் அந்த வாசலிலேயே அழுதேன். அவனும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நகரியில் நடந்த அவன் கருமாதிக்கு வந்தவர்களைப் பார்த்துத்தான் அவன் எத்தனை பேரைக் கூட்டிப்போயிருக்கிறான் என்று தெரிந்தது. குடுபல்லியிலிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர், வடமாலபேட்டை ரோட்டோரத்தில் யாரும் கவனிக்காத ஒரு மீன் குழம்புக் கடையைப் பற்றிச் சொன்னார். கம்பெனி ஆட்கள் ஆளுக்கொரு கடை சொன்னார்கள். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம். யாரோ என்னிடம், "அக்கா, எல்லாத்தையும் சேத்து அவன் பேர்ல ஒரு லிஸ்ட் போட்டுடேன். மேப்ல ஏத்திட்லாம்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். நானும் ஒரு காலத்தில் நல்ல மனதோடுதான் போட்டேன்.

நான் வாயைத் திறப்பதற்குள், டம்ளர்களை எடுக்க வந்த கஸ்தூரி சொன்னாள். "இவ்ளோ கடையா? எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. என்னை எங்கயும் இட்டுக்கினு போனதில்ல. நான் ஆறு நாளு தறியில நிக்கறவ. ஞாயித்துக்கிழமையானா வெளிய எங்கனா போலாமான்னு கேப்பேன். அங்க இன்னா இருக்குது, எல்லாம் தண்ணி சாம்பாரு, உன் கையால போடுன்னுவாரு."

லிஸ்ட் பேச்சு அதோடு நின்றது.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரியைச் சுப்பம்மா கடைக்குக் கூப்பிட்டேன். ஊர் பேசும் என்றாள். பேசட்டும், நீ வா என்றேன். சுப்பம்மாவிடம் இவள் யார் என்று சொன்னேன். அவள் ஒன்றும் கேட்காமல் தழும்பேறிய கையால் களியைத் தட்டில் வைத்து, நடுவில் குழி பண்ணி நெய் விட்டாள். கஸ்தூரி தலை நிமிராமல் முழுவதையும் சாப்பிட்டாள். சட்னியை வழித்துச் சாப்பிட்டாள். பிறகு, "தண்ணி சாம்பாருன்னானே பாவி!" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை, இரண்டும்தான் போலிருக்கிறது. "இத்தத் துன்னுட்டு வந்து என் சோத்தையும் நல்லா இருக்குதுன்னு துன்னானேக்கா" என்றாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வரும்போது, "வேற எங்கல்லாம் போவான்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த மற்ற கடைகளும் முடிந்து, சித்தூர் தோசைக் கடைக்குப் போன வாரம் கூட்டிப்போனேன். அதோடு என்னிடம் இருந்தது தீர்ந்தது. மீதிக் கடைகள் உங்களிடம் இருக்கின்றன. தேசப்பன் எனக்கு விட்டுப்போனது, பேசியே பிழைக்கிற என் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் ஒன்று. வருகிறவர் முகத்தைப் பார்த்து வழிவிடும் பழக்கம் இன்னொன்று. அதனால் கடை எங்கே என்று எனக்குச் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நகரிக்குப் போய், "பசிக்குதா, வா" என்று கஸ்தூரியைக் கூப்பிடுங்கள். இந்த வாரம் யார் வருகிறீர்கள் என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.