நான் காணாத குளம்

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். பாரிசின் லா சப்பலில் ஓர் உணவகக் குசினியில் பாத்திரம் கழுவுகிறேன், நிலவறையிலிருந்து அரிசி மூட்டை தூக்கிக் கொடுக்கிறேன். பேனையைப் பிடிப்பது பெரும்பாலும் கையெழுத்துப் போடத்தான். இமயமலைக் குளத்துக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் கோயில் மலருக்கு எழுதித் தர வேண்டும் என்று, எங்களைக் கூட்டிப் போன கடைக்கார அண்ணை கேட்டார். மற்றவர்கள் குளத்தைப் பற்றி எழுதியிருப்பார்கள். நான் அந்தக் குளத்தைக் காணவில்லை.

நேர்த்திக்கடன் என் மனைவியுடையது. அவளுக்கு நெஞ்சில் கட்டி வந்து ஒப்பரேசன் செய்தார்கள். நஞ்சுண்ட சிவன் தொண்டை எரிவை ஆற்றிக்கொண்ட குளம் நேபாளத்தில் இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, சுகமானால் அதில் முழுகுவதாக அவள் நேர்ந்துகொண்டாள். சுகமும் வந்தது. ஆனால் இந்த வருடம் அவ்வளவு உயரம் ஏற வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நேர்ந்ததைச் செய்யாமல் இருந்தால் வருத்தம் திரும்பி வந்துவிடும் என்று அவளுக்குப் பயம். இரவில் எழும்பிக் கட்டி இருந்த இடத்தைத் தடவிப் பார்ப்பாள்.

“இஞ்சேருங்கோ, எனக்குப் பதிலா நீங்கள் போய் ஒரு முழுக்குப் போட்டிட்டு வாங்கோ” என்றாள். “தலை நனைய வேணும். காலை மட்டும் நனைச்சுப்போட்டு வந்திடாதேங்கோ.”

“ஓம்” என்றேன்.

சொன்னதை விடச் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்று நினைத்ததுதான் என் பிழை. நேபாளத்தில் மலைப்பாதையில் நடக்கத் தொடங்கிய அன்றே, ஒருவருக்கும் சொல்லாமல் விரதம் பிடித்தேன். கந்தசட்டிக்குப் பிடிப்பது போல ஒரு நேரச் சாப்பாடு. வெங்காயம், உள்ளிப்பூண்டு எதுவும் இல்லை.

எங்கள் வழிகாட்டி நேபாளக்காரர். பிரெஞ்சுக்காரரை மலைக்குக் கூட்டிப் போய்ப் பழகியவர். அவருடைய பிரெஞ்சு என்னுடையதை விட நல்லது. மெதுவாக நடவுங்கள், தண்ணீர் குடியுங்கள், சூப்பை மிச்சம் விடாதீர்கள் என்று மூன்றையும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தச் சூப் உள்ளிச் சூப். உயரத்தைத் தாங்க அது நல்லது என்று மலையில் எல்லாரும் நம்புகிறார்கள். பின்னேரம் தங்குமடத்தில் கிண்ணம் கிண்ணமாக வரும். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கிண்ணத்தோடு வெளியே போய் மதிலுக்குப் பின்னால் ஊற்றுவேன். எந்தத் தங்குமடத்திலும் ஒரு சடை நாய் இருந்தது. எல்லா நாய்க்கும் அந்தச் சூப் பிடித்திருந்தது.

என்னோடு ஒரே அறையில் படுத்தவர் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுத் தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற கத்தோலிக்கர், மலை பார்க்க வந்தவர். அவர் ஒருநாள் கண்டுவிட்டார்.

“என்ன மெசியே, நாயையும் மலைக்குக் கூட்டிக்கினு போறீங்களா?”

“விரதம்” என்றேன்.

“வெரதமா? இந்த ஒசரத்துலயா? லூர்துக்கு வந்திருந்தா ரயில்ல எறங்கி, நல்லா சாப்ட்டுட்டு முழுவியிருக்கலாமே!” என்று சிரித்தார். ஆனால் ஒருவரிடமும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

குளத்துக்கு ஏறும் காலை என் தலைக்குள் யாரோ உலக்கையால் இடிப்பது போல இருந்தது. நேராக வைத்த கால் பக்கவாட்டில் போனது. ஒரு கல்லில் இருந்தேன். பிறகு எழும்ப முடியவில்லை. அடுத்த திருப்பம் தாண்டினால் அங்கேயுள்ள குளங்களில் முதலாவது தெரியும் என்றார்கள். அதுவரையாவது விடுங்கள் என்று எழும்பப் பார்த்து, விழுந்தேன்.

வழிகாட்டி என் முன்னால் குந்தி, என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். புதுச்சேரிக்காரர்தான் எல்லாவற்றையும் சொன்னார், நாய் உட்பட.

வழிகாட்டி சத்தம் போடவில்லை. “நானும் இந்துதான்” என்றார். “இந்தக் குளத்துக்கு நாங்களும் விரதம் இருப்போம், முழுகுகிற அன்று காலையில் மட்டும். உள்ளி வேண்டாம் என்றால் வேறு சமைத்திருப்பேனே. ஏன் கேட்கவில்லை?”

 இத்தனை வருடப் பிரான்ஸ் வாழ்க்கையில் நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதை மரியாதை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

“உமக்கென்ன விசரே, ஐசே?” என்றார் கடைக்கார அண்ணை. “வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொன்னா என்ன?” பிறகு கையை நீட்டினார். “சரி, போத்தலைத் தாரும். தண்ணியெண்டாலும் கொண்டு வாறன்.”

என்னை ஒரு சுமைகாரரின் கூடையில் இருத்தினார்கள். மூங்கில் கூடை, அதன் பட்டையை அவர் நெற்றியில் மாட்டிக்கொண்டார். என் வயதுதான் இருக்கும், என்னில் பாதி உடம்பு. கூடையில் இருப்பவருக்குப் பின்பக்கம்தான் தெரியும். அவர் இறங்க இறங்க, எங்கள் ஆட்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே போனேன். அண்ணையின் சிவப்புத் தொப்பி சின்னதாகி, திருப்பத்தில் மறைந்தது. அந்தப் பக்கம்தான் குளம்.

பாரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நிலவறைப் படியில் ஒரு மூட்டையோடு நின்றாலே முழங்கால் என்ன சொல்லும் என்றும் தெரியும். அந்த மனிதரின் மூச்சு என் முதுகில் இடித்தது. நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன், அதனால் பாரம் குறையும் என்பது போல. ஏறி வந்த பிரெஞ்சுப் பெண்கள் இருவர் ஒதுங்கி நின்று வணக்கம் சொன்னார்கள். நான் கண்ணை மூடி, நித்திரை போல நடித்தேன்.

கீழே தங்குமடத்தில் சுமைகாரரே உள்ளிச் சூப் வாங்கி வந்து என் முன் வைத்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் கிடையாது. கடைசிக் கரண்டி வரை எதிரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தேன்.

அண்ணை போத்தலை நிரப்பிக்கொண்டு வந்தார். “பாரிசிலை ஒருத்தருக்கும் சொல்லமாட்டம். நீரும் முழுகினதாவே இருக்கட்டும்” என்றார். என் மானத்தைக் காக்கத்தான் சொன்னார். பாரிஸ் விமான நிலையத்திலிருந்து எல்லாரும் பைகளோடு நேராக அவருடைய கடைக்குப் போனோம். மரக்கறி வாங்க வந்த ஓர் அக்கா தன் பிள்ளையை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

“அண்ணை, அங்கை முழுகின கை. பிள்ளையின்ரை தலையிலை ஒருக்கா வையுங்கோ.”

கடைக்கார அண்ணை என்னைப் பார்த்தார். நான் கையை வைத்தேன். அந்தப் பிள்ளையின் மயிர் பஞ்சு போல இருந்தது. என் வாழ்க்கையில் அதைப் போல ஒருநாளும் கூசியதில்லை.

வீட்டில் மனைவி கேட்ட முதல் கேள்வி, “தண்ணி நல்ல குளிரோ?”

அவளிடம் மறைக்க எனக்குத் தைரியம் இல்லை. விரதம், நாய், கூடை என்று எல்லாவற்றையும் சொன்னேன். நாய் வந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடை வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“தூக்கின மனிசன் சாப்பிட்டவரோ?”

எனக்குத் தெரியவில்லை. நான் குடித்து முடிக்கும் வரை அவர் காத்திருந்தார். அவர் சாப்பிட்டாரா என்று நான் பார்க்கவில்லை.

 அவள் போத்தலைத் திறக்காமல் சாமிப் படத்தடியில் வைத்தாள். “இது அண்ணை அள்ளின தண்ணி. இருக்கட்டும். நேர்ந்தது நான், போக வேண்டியதும் நான்தான். உங்களை அனுப்பினது என்ரை பிழை.” என்னைத் திட்டியிருக்கலாம்.

அடுத்த பரிசோதனையில் அவளே மருத்துவரிடம் கேட்டாள். அவளுக்குக் கேட்கத் தெரியும். நடந்து பழகினால் வருகிற ஐப்பசிக்குப் பார்க்கலாம் என்றாராம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மொன்மார்த்தர் மேட்டுக்கு நடக்கிறோம், மேலே வெள்ளைத் தேவாலயம் வரை படியேறுகிறோம். அவள் முன்னால், நான் பின்னால். சுடுதண்ணீர்ப் போத்தலில் உள்ளி ரசம். இரவில் அவள் இப்போதும் எழும்புகிறாள். ஆனால் முந்திய அளவுக்கு இல்லை.

அந்த அக்கா இதை வாசித்தால் மன்னிக்க வேண்டும். உங்கள் பிள்ளையின் தலையில் வைத்தது குளத்தில் நனையாத கை. அண்ணையும் மன்னிக்க வேண்டும். உங்கள் நல்ல மனதை இப்படி வெளியில் போட்டு உடைத்துவிட்டேன்.

இன்று மனைவி அந்தப் படிகளில் இடையில் எங்கும் நிற்காமல் ஏறினாள். நான்தான் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலிருந்து கூப்பிட்டாள்:

“இஞ்சேருங்கோ, கூடை கொண்டு வரட்டோ?”

சுற்றி நின்ற ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் எனக்கு முகம் சுட்டது. ஏறினேன்.

பங்குனி மாதம் இருபத்தொன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.