அலூசின் குடிக்காத மூன்றாவது கிளாஸ்

அல்ஹசன் என்று பேர் சொன்னால் ஃப்ரீடவுனில் யாரும் அதோடு விடமாட்டார்கள். "எங்கப்பா அலூசின்?" என்று அடுத்த கேள்வி வந்துவிடும். இரட்டை ஆண்பிள்ளைகளுக்கு வைக்கிற பேர்களாயிற்றே, ஒருவன் இருந்தால் மற்றவனும் இருந்தாக வேண்டும். பத்து மாதமாக இவன் "வந்துக்கிட்டிருக்கான்" என்றே சொல்லிச் சமாளிக்கிறான். மண்ணுக்குள் போட்டவன் எங்கிருந்து வருவான்?

போதாக்குறைக்கு அதே முகம். மரவள்ளி வறுத்து விற்கிற அம்மாள் ஒருநாள் இவனைப் பார்த்துவிட்டு, "யா அல்லா!" என்று கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். குஷ் என்கிற போதைப்புகை விற்கிற படுபாவி ஒருவன் முதுகில் தட்டி, "அலூசின்! எங்கடா ஆளையே காணோம்?" என்று பொட்டலத்தை நீட்டினான். அல்ஹசனின் கை தானாக நீண்டது. பாதி வழியில்தான் திரும்பியது.

இரண்டு பேருமே பதினாறு வயதில் அந்தப் புகையில் விழுந்தவர்கள். நின்றபடியே தூங்கி, தலை முழங்காலைத் தொடுகிற மாதிரி குனிந்து நிற்கும் கூட்டத்தில் இவர்களும் நின்றார்கள். அங்கிருந்து இழுத்துவந்தது டாக்டரும் இல்லை, இமாமும் இல்லை. அதே சந்தில் அதே புகையைக் குடித்து எழுந்த ஃபோடே. அவனுக்கே வயது பத்தொன்பதுதான்.

மைதானத்து ஓரம் ஒரு தகரக் கூரை. அதன் கீழே கரியடுப்பு வைத்து அட்டாயா காய்ச்சுவான் ஃபோடே. ஒரே இலையை மூன்று தடவை காய்ச்சுகிற டீ. முதல் கிளாஸ் தொண்டையைப் பிடுங்கும், மூன்றாவது சர்க்கரையாய் இனிக்கும். முடிய மூன்று மணி நேரம் ஆகும். சாயங்காலம் உடம்பு புகை கேட்டு முறுக்குகிற நேரமும் அதுதான். ஆகவே அவன் சட்டம் ஒன்றே ஒன்று: மூன்றாவதைக் குடிக்காமல் எவனும் எழக்கூடாது.

பத்து மாதத்துக்கு முன்பு ஒருநாள் அலூசின் இரண்டாவதோடு எழுந்துவிட்டான். "என் மூணாவதை இவன் குடிப்பான். நாங்க ரெண்டு பேரும் ஒரே வயிறுதானே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் அம்மாவே ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இருவருக்கும் மருந்து ஊற்றுகிறவள். இரட்டையரை யார் தனித்தனியாகப் பார்த்தார்கள்? ஃபோடேவும் சரி என்று விட்டுவிட்டான். அல்ஹசன் இரண்டு கிளாஸையும் குடித்துவிட்டு, உதட்டை நக்கிக்கொண்டே வீட்டுக்குப் போனான். காலையில் அலூசினைச் சாக்கடை ஓரத்தில், குனிந்த வாக்கிலேயே கண்டெடுத்தார்கள்.

அதற்கப்புறம் அல்ஹசன் பேய் பிடித்தவன் மாதிரி சந்து சந்தாகத் திரிந்து பையன்களைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஏச்சு வாங்கினான், கடியும் வாங்கினான். கடைசியாக வந்தவன் மோர்லாய், பதினைந்து வயது, எலும்பும் தோலுமாக. நான்காம் நாள் இரண்டாவது கிளாஸ் முடிந்ததும் அவன் எழுந்து நின்றான்.

"அண்ணே, என்னால ஆகல. என் மூணாவதை நீயே குடிச்சிரு."

அலூசின் சொன்ன அதே வார்த்தை. "உக்காருடா" என்றான் அல்ஹசன்.

"எதுக்கு?"

"சட்டம்."

"உனக்கு மட்டும் சட்டம் கெடையாதாக்கும்? நாலு நாளா பாக்குறேன். யாரும் பாக்காதப்ப உன் மூணாவதை மண்ணுல ஊத்திடுற. பெரிய யோக்கியன் மாதிரி என்னை வந்து இழுக்குற!"

ஃபோடே கெட்டிலை இறக்கி வைத்தான். அவனுக்கு இது முன்பே தெரியும். கேட்கத்தான் வாய் வந்ததில்லை. அன்று அலூசினைப் போகவிட்டவன் அவனும்தானே.

"சொல்லிடு அல்ஹசன்," என்றான் மெதுவாக. "பையன் போயிடுவான்."

அல்ஹசன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அலூசின் எங்கன்னு மொத நாளே கேட்டல்ல? வரமாட்டான். செத்துட்டான். இங்கேருந்துதான் எழுந்து போனான். அவன் கிளாஸை நான் குடிச்சேன்டா. ருசிச்சுக் குடிச்சேன். அதுக்கப்புறம் அந்த இனிப்பு எனக்கு எறங்கல."

மோர்லாய் மைதானத்துக்கு அப்பால் இருந்த சந்துப் பக்கம் பார்த்தான். அல்ஹசன் முகத்தைப் பார்த்தான்.

"அப்ப உன்னோடதை நீ குடி," என்றான். "என்னோடதை நான் குடிக்கிறேன். நீ குடிக்கலேன்னா நான் கெளம்பிட்டேன்."

ஃபோடே ஊற்றினான். அல்ஹசன் கிளாஸை எடுத்தான். நுரை உதட்டில் பட்டதும் கீழே இறக்கினான், மறுபடி எடுத்தான். கண்ணீரும் மூக்குநீருமாக ஒரே மூச்சில் விழுங்கினான். தம்பி போன நாளின் அதே இனிப்பு, துளி மாறவில்லை. மோர்லாய் பொத்தென்று உட்கார்ந்து தன் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.

மறுநாள் அல்ஹசன் வருவதற்கு முன்பே மோர்லாய் கூரைக்கடியில் இருந்தான். மூன்றாவது சுற்று வந்ததும் நகர்ந்து வந்து இவனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டான்.

"குடிண்ணே," என்றான். "நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."