ஜும்பேர் விற்ற யுரேனியம்

ஜும்பேருக்கு வேலையே தெரியாது என்று சொன்னால் அது அபாண்டம். விருந்தில் எழுந்து நின்று, ஒயின் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, செத்தவர்களையும் இருப்பவர்களையும் இனிப் பிறக்கப்போகிறவர்களையும் வாழ்த்துகிற வேலையில் இமெரெத்தி மாகாணம் முழுக்கத் தேடினாலும் அவனை அடிக்க ஆள் கிடையாது. மற்ற வேலைகளை அவன் மனைவி எத்தேரி பார்த்துக்கொண்டாள். திராட்சைக் கொடிக்கு மருந்தடித்தாள், சோளம் அறுத்தாள், பாலாடைக்கட்டி செய்து குத்தாயிசிச் சந்தைக்குச் சுமந்தாள்.

அந்த எத்தேரியின் இரண்டு மாடுகளை விற்றுத்தான் ஜும்பேர் யுரேனியம் வாங்கினான். விற்றவர் ஓய்வுபெற்ற கர்னலாம். கர்னல் என்பதற்குச் சாட்சி அவர் தலையிலிருந்த தொப்பி. ஈயப் பானைக்குள் மெழுகு ஊற்றி அடைத்த கறுப்புக் கட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு மறைந்துவிட்டார்.

"சோவியத் சரக்கு, எத்தேரி! இதுல ஒரு துண்டு போதும், பாதி உலகம் காணாமப் போயிரும்."

"என் மாடு ரெண்டும் ஏற்கெனவே காணாமப் போச்சு. அதை எங்கயாவது தொலைச்சுட்டு வா."

தோட்டத்துக் கோடியில் புதைத்துவிட்டதாகச் சொன்னான். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

வசந்தத்தில் பானையைத் தூக்கிக்கொண்டு, துருக்கியை ஒட்டிய சார்ப்பி எல்லைக்குப் போனான். கதிர்வீச்சைக் கண்டுபிடிக்க அங்கே ஒரு வாயில் நிற்கிறது. அவனுக்கு முன்னால் போன டைல்ஸ் லாரிக்கு, டைல்ஸ் மண்ணிலிருக்கும் துளிக் கதிர்வீச்சுக்கே, அது அலறியது. கழுத்துக் கட்டிக்குக் கதிர் மருந்து சாப்பிட்டு வந்த பள்ளிக்கூட டீச்சருக்கும் அலறியது. ஜும்பேருக்கு மட்டும் வாயே திறக்கவில்லை. பானைக்குள் ஒன்றுமே இல்லையோ என்று சந்தேகப்பட மூளை வேண்டும். எந்திரத்தையே ஏமாற்றிவிட்டோம் என்று பூரித்துப்போனான். அந்தப் பக்கம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்ன ஆள் வரவில்லை. திரும்பி வந்து, அடுத்த விருந்தில் தன் சாமர்த்தியத்துக்கே ஒரு கோப்பை உயர்த்தினான். ஊர் கேட்டது, போலீசும் கேட்டது. பத்தூமி ஓட்டலில் பானையை வாங்க வந்த துருக்கி வியாபாரி பக்கத்து ஊர் போலீஸ்காரர். அவருடைய துருக்கி மொழி டிவி சீரியலில் கற்றது.

விசாரணைக்கு முன்னால் வக்கீல் எத்தேரியைத் தனியே கூப்பிட்டார்.

"அது டூப்புன்னு ஆய்வுல தெரிஞ்சுடுச்சு, அம்மா. ஆனா நிஜம்னு நம்பி வித்திருந்தா பத்து வருஷம். டூப்புன்னு தெரிஞ்சே ஏமாத்தினார்னா சின்ன மோசடி, சீக்கிரம் வீட்டுக்கு வந்துடலாம். டூப்புன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கார்னு சாட்சி சொல்லுங்க."

எத்தேரி பொய்ச் சத்தியம் செய்கிறவள் இல்லை. ஆனாலும் சரி என்றாள். கையாலாகாதவன்தான், வாய் மட்டும் உள்ளவன்தான். இருந்தும் அவன் இல்லாத வீடு அவளுக்குப் பிடிக்கவில்லை. அவன் வேண்டும், அவ்வளவுதான்.

விசாரணை அன்று கோர்ட்டுக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து கத்துனா என்ற பெண் வந்திருந்தாள். யுரேனியம் என்றால் அதில் கலந்திருக்கும் மாசை வைத்தே எந்தச் சுரங்கம், எந்த ஆலை என்று சொல்லிவிடலாமாம்.

"இதுவும் பிறந்த இடத்தைச் சொல்லிடுச்சு," என்றாள். "மாங்கனீசு உலைக் கசடு. பக்கத்து மாவட்டத்துல ரோட்டோரமா மலையாக் குவிஞ்சு கிடக்கு."

கோர்ட்டே சிரித்தது. ஜும்பேரைச் சிறைக்கு அனுப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். சிரிப்பைத் தாங்க முடியவில்லை. துள்ளி எழுந்தான்.

"பொய்! நான் என்ன ரோட்டுக் கசடு வாங்குற மடையனா? அது அசல் சரக்கு! குளிர்காலம் பூரா இவ கட்டிலுக்கு அடியிலதான் வெச்சிருந்தேன். இவளுக்கு ஓயாத தலைவலி, தலைமுடி கொட்டுச்சு. இவளையே கேளுங்க! ஆபத்துன்னு தெரிஞ்சுதானே நான் கீழே ஒயின் அறையில போய்ப் படுத்தேன்!"

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எத்தேரியின் குறட்டையில் தூக்கமே வரவில்லை என்று சொல்லித்தானே அவன் ஒயின் அறைக்குப் போனான்? அந்த வெட்கத்தில் அவள் குளிர்காலம் முழுக்கத் தாடையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்கினாள். கூடப்பிறந்த தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. தலைவலி அந்தக் கட்டினால் வந்திருக்கும். அதுவல்ல இப்போது விஷயம்.

அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். நீதிபதி கேட்டார்: "அம்மா, அது டூப்புன்னு உங்க புருஷனுக்குத் தெரியுமா?"

வக்கீல் தன் இடத்திலிருந்தே தெரியும், தெரியும் என்று தலையை ஆட்டினார். ஜும்பேரும் அவளைப் பார்த்துத் தலையசைத்தான். தான் மடையன் இல்லை என்று அவளாவது சொல்லுவாள் என்ற நம்பிக்கை அவன் முகத்தில் இருந்தது.

"தெரியாதுங்கய்யா," என்றாள் எத்தேரி. "நெசம்னுதான் நம்பினான். ஆளைக் கொல்லும்னு சத்தியமா நம்பினான். நம்பித்தான் என் கட்டிலுக்கு அடியில வெச்சான்."