மழைநீரில் விட்ட மீன்கள்

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் மழைநீரைச் சேமித்துக் காய்கறி வளர்க்க ஆசைப்பட்டேன். தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவர், அங்கே வேண்டாமென்று ஒதுக்கிய நீல நிற டிரம் ஒன்றைக் கொண்டுவந்தார். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வைத்தோம்.

அடுத்த மழையில் டிரம் நிறைந்தது. டிங்கிக் காய்ச்சல் பரப்பும் கொசுவுக்குப் பயந்து, கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன்களை அதில் விட்டேன். மறுநாள் காலை கங்கோங் கீரைக்குத் தண்ணீர் ஊற்ற வாளியோடு போனால், அத்தனையும் செத்து மிதந்தன.

வேலை முடிந்து வந்த கணவரிடம், “உள்ள முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கேட்டீங்களா?” என்றேன்.

“கேக்கல லா. எல்லாரும் எடுத்தாங்க, நானும் எடுத்தேன்.” சொல்லும்போதே அவர் முகம் மாறியது. “அலமாக்! பக்கத்துத் தெரு செல்வம், பிள்ளைங்க குளிக்கறதுக்குன்னு எடுத்துட்டுப் போனாரே!”

சீருடையைக்கூட மாற்றாமல் போன் செய்தார். நல்லவேளை, செல்வம் வீட்டு டிரம்மில் இன்னும் குழாய் பொருத்தவில்லை.

இப்போது எங்களிடம் இருப்பது சமையல் எண்ணெய் வந்த டிரம். அதிலும் மீன் விட்டிருக்கிறேன். அவை நீந்துவதைப் பார்த்த பிறகுதான் வாளியை இறக்குவேன். செத்த மீன்களைப் புதைத்த மூலையில் மட்டும் இன்றுவரை எதையும் நடவில்லை.