அக்காவின் கொடியும் வெயில்காரரின் கண்ணாடி உருண்டையும்

என் அக்கா துணி வெளுத்துப் பிழைத்தவள். ஆஸ்பத்திரி விரிப்பு, விடுதி விரிப்பு என்று மலை மலையாக வரும். கீழே ஒற்றை அறையில் துவைப்பாள், மொட்டைமாடியில் கொடி கட்டிக் காயப்போடுவாள். இஸ்திரி என் வேலை. மாமா போன பிறகு அந்த மாடிதான் எங்களுக்குச் சோறு போட்டது.

மேற்கே, எங்களைவிட ஒரு மாடி தாழ்ந்த கட்டடத்தின் உச்சியில் வானிலை ஆபீஸ். அங்கே இருந்தவரை வெயில்காரர் என்போம். மழை அளக்க ஒரு பாத்திரம், காற்றின் வேகத்துக்குச் சுற்றும் கிண்ணங்கள், வெப்பமானி வைத்த வெள்ளைப் பெட்டி எல்லாம் அவரிடம் உண்டு. ஆனால் அவர் உயிர் ஒரு கண்ணாடி உருண்டையில்தான் இருந்தது. வெயில் அதன் வழியே குவிந்து, பின்னாலிருக்கும் அட்டையைக் கோடாகக் கருக்கிக்கொண்டே நகரும். மேகம் மறைத்தால் கோடு அறுந்துவிடும். கோட்டின் நீளம்தான் அன்றைய வெயிலின் நீளம்.

ஒருநாள் அட்டைகளோடு படியேறி வந்தார்.

“தினமும் காலையில கோடு அறுந்து போகுது. உங்களுக்கு லீவுன்னா மட்டும் முழுசா இருக்கு. துணி நிழல்தாங்க்கா.”

“வெயில் என்ன உங்க அப்பா வீட்டுச் சொத்தா சார்? என் துணிக்கு வேணாமா?”

“மேலதிகாரி பார்க்க வர்றார். அவர் ஓனர்கிட்ட சொன்னா உங்களைக் கொடியே கட்ட விடமாட்டாங்க. கிழக்கோரமா தாழக் கட்டுங்களேன்.”

“அங்க கிழக்கால இருக்கிற பேக்கரிப் புகையில கரி கொட்டும். புள்ளி விழுந்த விரிப்பைக் கொடுத்தா ஆஸ்பத்திரியில வேற ஆளைப் பார்த்துக்குவாங்க.”

வழி கண்டுபிடித்ததும் அவர்தான். அவர் மாடியில் காற்றின் திசை காட்டும் அம்பு ஒன்று உண்டு. அது மேற்கைக் காட்டினால் காற்று மேற்கிலிருந்து வருகிறது, புகை அப்பால் போய்விடும். கிழக்கைக் காட்டினால் கரி எங்கள் கிழக்கோரத்தில் கொட்டும்.

“வர்ற பக்கத்தையா அம்பு காட்டும்? கோளாறு பிடிச்ச சாமானா இருக்கே!” என்றாள் அக்கா. எனக்கும் இன்றுவரை அது ஒப்பவில்லை. அம்பு என்றால் போகிற பக்கத்தைத்தானே காட்ட வேண்டும்? யார் என்ன விளக்கினாலும் நான் ஏற்கப்போவதில்லை.

அதன்பின் எங்கள் காலை அவர் குரலில்தான் தொடங்கும். “மேல்காத்துக்கா! அந்தப் பக்கம் போடுங்க!” புகை நாளில், “இந்தப் பக்கமே போட்டுக்குங்க” என்பார். அன்றைய அட்டையின் பின்னால் ‘துணி நிழல்’ என்று எழுதி வைப்பாராம். சோப்பு வாசனையோடு கலந்து வந்த அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் மனசு குளிர்கிறது.

அதிகாரி வரும் நாள் விடிந்தது. அம்பு கிழக்கைப் பார்த்து நின்றது.

“புகை உங்க பக்கம்தான்க்கா. இந்தப் பக்கமே போடுங்க. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

அக்கா ஈர விரிப்புகளை அள்ளிக்கொண்டு கிழக்கோரம் போனாள்.

“அக்கா, கரியாயிடுமே!”

“ஆகட்டும்டி. துணியைத் திரும்பத் துவைச்சுக்கலாம். மாடி போச்சுன்னா எங்க போய்க் காயப்போடுவ? அந்த மனுஷன் வேற நமக்காகத் திட்டு வாங்கணுமா?”

அதிகாரி வந்தார். அறுபடாத கோட்டைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

எங்கள் விரிப்பெல்லாம் கரிப்புள்ளி. சாயங்காலம் ஆஸ்பத்திரி வண்டி வந்துவிடும். அவசரமாக மறுபடி துவைத்துக்கொண்டிருந்தபோது வெயில்காரர் வந்தார், அதிகாரிக்காகப் போட்ட கஞ்சிச் சட்டையோடு.

“நான் சொன்ன காத்தை நம்பலையா நீங்க?”

“காத்தை நம்பினேன் சார். உங்க அதிகாரியைத்தான் நம்பல. சும்மா நிக்காம அந்த முனையைப் பிடிங்க.”

பிடித்தார். முறுக்கிப் பிழிந்த தண்ணீரில் பாதி அவர் சட்டையில். ஈரத்தோடு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பிற்பகல் என்பதால் நிழல் கிழக்கே விழுந்தது. தைரியமாக அவர் பக்கமே கட்டினோம். வண்டி வந்தபோது கடைசி விரிப்பில் மட்டும் கொஞ்சம் ஈரம். அதை நான் இஸ்திரியிலேயே காயவைத்துக் கொடுத்தேன்.