நாற்காலியின் முதுகில் ஒரு கை

துபாயில், பாட்டுக் கச்சேரியோடு சாப்பாடு போடும் உணவகத்தில் அலுவலக நண்பர்களுடன் உட்கார்ந்திருந்தேன். பாட்டு நின்று வாத்தியம் மட்டும் ஒலித்தபோது, என் நாற்காலியின் முதுகில் ஒரு கை பதிந்தது. திரும்பிப் பார்க்காமலே வேகவேகமாக விழுங்க ஆரம்பித்தேன்.

திருநெல்வேலி ஜங்ஷன் ஓட்டல்களில், கூட்ட நாளில் இடம் கிடைக்காதவர்கள் சாப்பிடுகிறவரின் நாற்காலியைப் பிடித்தபடி பின்னால் நிற்பார்கள். அப்பா பாளையங்கோட்டையில் வாத்தியார். ஓட்டலானாலும் ஜெபிக்காமல் தட்டில் கை வைக்கமாட்டார். சிறுவயதில் ஒருநாள், கிறிஸ்துமஸுக்குத் துணி எடுத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். அப்பா கண்ணை மூடினார். நெய் ரோஸ்ட் ஆறிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர் நாற்காலியை உலுக்கினார்.

“சாப்பிட வந்தீரா, தூங்க வந்தீரா வே?”

சாம்பார் வாளியோடு வந்த சப்ளையர் அப்படியே நின்றுவிட்டார். அடிதடி வரப்போகிறதென்று நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா கண் திறக்கவில்லை. குரலை மட்டும் உயர்த்தினார்.

“பின்னால் பசியோடு நிற்கிற சகோதரனுக்கும் ஆகாரம் தாரும் ஆண்டவரே. ஆமென்.”

நாற்காலியிலிருந்து கை விலகியது. “பைய சாப்பிடுங்க அண்ணாச்சி,” என்றார் அவர். அப்பாவோ அவசரமாக முடித்து எழுந்து, அவரைத் தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் கை கழுவப் போனார்.

துபாயில் நானும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, “உட்காருங்கள்” என்றேன். நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். நாங்கள் வந்ததிலிருந்து மேசை மேசையாக நடந்து பாடிக்கொண்டிருந்த பெண்ணின் கை அது. அவள் காலியான நாற்காலியைப் பார்த்தாள், என் தட்டைப் பார்த்தாள். பிறகு சிரித்த முகத்தோடு மைக்கை உயர்த்தினாள்.