அளவு ஜாக்கெட்

எங்கள் வீட்டில் என் உடம்பைத் தவிர மற்ற எல்லாவற்றின் எடையும் சரியாகத் தெரியும். அப்பா அருப்புக்கோட்டையில் ஒரு பருத்திக் கமிஷன் கடையில் எடை போடுகிறவர். மூட்டையை லேசாக அசைத்துப் பார்த்தே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், "அது பூசுன ஒடம்பு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அம்மா அதைக்கூடச் சொல்ல மாட்டாள்.

எண்பதுகளின் நடுவில், பிளஸ் டூ முடித்த கோடையில் தாவணியிலிருந்து சேலைக்கு மாறினேன். ஜாக்கெட் தைக்க அம்மா கடைத்தெரு டெய்லரிடம் கூட்டிப் போனாள். டெய்லரின் மனைவி டேப்பைச் சுற்றி அளந்து எண்ணைச் சொல்ல, அவர் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டில் எழுதினார். மார்பளவு வந்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டு, "எத்தன?" என்றார். அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். துணி வாங்கக் காத்திருந்த பந்தல்குடிக்காரி ஒருத்தி "எம்மாடி!" என்று தன் நெஞ்சில் கை வைத்தாள். டெய்லர் பிட்டை விரித்துப் பார்த்து, "பத்தாதுங்க, கைக்கு ஒட்டுப் போடணும்" என்றார்.

அதற்குப் பிறகு டேப் என் உடம்பைத் தொட்டதே இல்லை.

எங்கள் பக்கத்தில் டேப்பால் அளப்பது அபூர்வம்தான். பொருத்தமாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தால் அதை வைத்துப் புதிதை வெட்டிவிடுவார்கள். அளவு ஜாக்கெட் என்று பெயர். அம்மா அளவு ஜாக்கெட்டாகக் கொடுத்தது, அந்தக் கோடையில் ஒட்டுப் போட்டுத் தைத்த அதே ஜாக்கெட்டை. ஒவ்வொரு பொங்கலுக்கும், ஒவ்வொரு தீபாவளிக்கும் அதுதான் போய்வந்தது. கொடுக்கும்போது ஒரே வசனம். "அண்ணாச்சி, இது மாதிரியே தைங்க. ரெண்டு நூலு மட்டும் லூசு குடுங்க."

ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. நான் நூல் கணக்கில் வளரவில்லை.

"டேப்பு வச்சு அளந்தா என்னம்மா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒன் சைஸு ஊருக்கெல்லாம் தெரியணுமாக்கும்?" என்றாள்.

நானே தனியாகப் போய் அளக்கச் சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வாஸ்தவம்தான். ஆனால் நானும் அவள் பெற்ற பிள்ளை. கடைப்பக்கம் போனாலே அந்த "எத்தன?" காதில் விழும். இறுக்கமான ஜாக்கெட்டைச் சுமப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது. கையைத் தூக்கினால் அக்குளில் தையல் விட்டுவிடும். அதனால் கையைத் தூக்காமலே வாழப் பழகிக்கொண்டேன். கொடியில் துணி காயப்போட ஸ்டூல் மேல் ஏறினேன். பஸ்ஸில் மேலே இருக்கும் கம்பியைப் பிடிக்காமல் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பித் தட்டை இடுப்பளவிலேயே நீட்டினேன். வரன்கள் தட்டிப்போனது தட்டின் உயரத்தினால் அல்ல, அது வேறு விஷயம்.

தொண்ணூறுகளில் ஊருக்குள் சுடிதார் வந்தது. எனக்கு அதன் மேல் அப்படி ஓர் ஆசை. கடைகளில் வரிசையாகத் தொங்கும் டாப்ஸ்களைப் பார்த்துக்கொண்டே வருவேன். ஒருநாள் துணிந்து உள்ளே போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் விற்கிற பெண், "ஒங்களுக்கு இல்லக்கா. நைட்டி பாக்குறீகளா?" என்றாள். நல்ல பெண். என்னைக் காத்திருக்க வைக்கவில்லை.

அப்பாவுக்கு மூட்டு தேய்ந்து வேலைக்குப் போக முடியாமல் ஆனபோது, திருச்சுழி ரோட்டில் இருந்த ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்தேன். கம்பெனி என்றால் தகரக் கூரை போட்ட பெரிய ஷெட்டு. மதுரையில் ஒரு கடைக்காரர் வெட்டி அனுப்பும் சுடிதார் டாப்ஸ் கட்டுக் கட்டாக வரும், நாங்கள் தைத்து அனுப்ப வேண்டும். பக்கத் தையல் என் வேலை. வெட்டுவது மதுரையிலேயே முடிந்துவிடும் என்பதால் எனக்கு வெட்டத் தெரியாது, கடைசிவரை கற்றுக்கொள்ளவும் வழியில்லை.

ஓனரம்மா கறாரானவர், ஆனால் நேர்மையானவர். சம்பளம் ஒருநாள் தள்ளிப் போகாது. கக்கூஸ் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டு. மாத விலக்கு என்று சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்காமல் லீவு தருவார். எம்.ரெட்டியபட்டியிலிருந்து பருத்தி எடுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பாதிப்பேர் அந்த மரியாதைக்காகவே இங்கே வந்து சேர்ந்தார்கள். தைத்தால் இப்படிப்பட்ட இடத்தில் தைக்க வேண்டும் என்று எனக்கும் பெருமையாக இருந்தது.

அங்கே டபுள் எக்ஸல் கட்டுக்குப் 'பெருசு' என்று பெயர். பெருசு வந்தால் ஷெட்டே முனகும். சின்ன டாப்ஸுக்கும் பெருசுக்கும் பீஸ் ரேட்டு ஒன்றுதான், ஆனால் பெருசில் தையல் நீளம்.

"யாருடி இதப் போடுறா? மாட்டுக்கா தைக்கிறோம்?" என்பாள் ஒருத்தி. சொன்ன பிறகு என்னைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். அவள் கடிப்பதற்குள் நான் சிரித்துவிடுவேன். முந்திக்கொண்டு சிரிப்பதில் எனக்கு நல்ல பழக்கம்.

ஒருநாள் பெருசில் ஒன்றில் மெஷின் எண்ணெய் பட்டுவிட்டது. கத்தரிப்பூ நிறத்தில் பொடி வெள்ளைப்பூப் போட்ட டாப்ஸ். ஓனரம்மா அதை என் மடியில் போட்டு, "கழிவுல போகுது, நீ போட்டுக்கோ" என்றார். கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மாட்டிப் பார்த்தேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினேன். ஒன்றும் கிழியவில்லை. அங்கேயே நின்று அழுதேன். என் உடம்பை முன்கூட்டியே நினைத்து யாரோ துணியை வெட்டியிருக்கிறார்கள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன். உட்கார இடம் இருந்தது, நான் உட்காரவில்லை.

சில மாதம் கழித்துப் பெண்கள் என்னிடம் வந்தார்கள். பெருசுக்கு ரேட்டைக் கூட்டித் தரச் சொல்லி ஓனரம்மாவிடம் பேச வேண்டும், பன்னிரண்டாவது படித்தவள் நான்தான் என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம். நானும் அதே மெஷினில்தான் உட்கார்ந்திருந்தேன். கத்தரிப்பூ டாப்ஸைப் போட்டுக்கொண்டு போய் நன்றாகவே பேசினேன். ஓனரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். மதுரைக்குப் போய்வந்து எல்லோரையும் கூப்பிட்டார்.

"பெருசுக்கும் சின்னதுக்கும் அவுக ஒரே வெலதான் தருவாகளாம். ஒங்க ஒழைப்பச் சும்மா வாங்க எனக்கு மனசு வல்ல. அதனால இனிமே பெருசு வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

ஷெட்டு முழுக்கச் சந்தோஷம். சாயங்காலம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வடை வாங்கினார்கள். "யக்கா, ஒன்னாலதான் அந்தச் சனியன் ஒழிஞ்சது" என்று எனக்கு மட்டும் இரண்டு. இரண்டையும் தின்றேன். யார் மேல் கோபப்படுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடத் தப்புச் செய்யவில்லை.

ஆனாலும் என்னிடம் அந்தக் கத்தரிப்பூ டாப்ஸ் ஒன்று இருந்தது. அதையே அளவாகக் கொடுத்துவிடலாம் என்று யோசனை வந்தது. டேப்பும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். புது டாப்ஸுக்குப் பச்சை நிறத் துணி தாராளமாகவே எடுத்தேன். நான் வேலை முடிந்து வருவதற்குள் டெய்லர் கடை சாத்திவிடுவார் என்பதால், இரண்டையும் அம்மா கையில் கொடுத்தேன்.

"இதுதாம்மா அளவு. அப்படியே தைக்கச் சொல்லு. ரெண்டு நூலு கதையெல்லாம் வேண்டாம்."

"சரித்தா" என்றாள்.

பத்து நாளில் இரண்டும் வந்தன. பச்சையைத் தலைவழியாக மாட்டினேன், தோளிலேயே நின்றுவிட்டது. டெய்லர் கோட்டைவிட்டுவிட்டார் என்று நினைத்து, ஒப்பிட்டுப் பார்க்கக் கத்தரிப்பூவை எடுத்து மாட்டினேன். அதுவும் அதே இடத்தில் நின்றது.

கழற்றி உள்பக்கம் திருப்பினேன். நான் போட்ட பக்கத் தையல் அங்கே இல்லை. அதற்கும் உள்ளே புதிதாக ஒரு தையல். மிச்சத் துணியை ஒட்ட வெட்டி ஓரம் அடித்திருந்தது. பிரித்துவிட ஒரு விரல் துணிகூட இல்லை.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பின்னாடித் தெரு மெஷின்காரிட்டக் குடுத்துக் கொஞ்சம் பிடிச்சு வாங்கிட்டுத்தான் அவருட்டக் குடுத்தேன். அம்புட்டுப் பெருச எப்படித்தா நாலு பேரு முன்னாடி நீட்டுறது?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, பச்சையை விரித்துத் தடவிப் பார்த்தாள்.

"கவலப்படாத. ரெண்டு நூலு லூசு குடுக்கச் சொல்லியிருக்கேன்" என்றாள்.